முழங்கால் உயரத்தில் மூன்று சாமி

செப்டம்பர் 11, வியாழன்

காலையிலேயே புழுக்கம். வேளாங்கண்ணிக் கூட்டம் வடிந்து ரோடு வெறிச்சோடிக் கிடக்கிறது. டாக்டர் சுகர் மாத்திரையை மாற்றிவிட்டார். "ஒண்ணுக்கு அடிக்கடி வரும், பயப்படாதீங்க" என்றார். பயமில்லை, எரிச்சல்தான்.

வாங்க வேண்டியது: மாத்திரை, வாசல் பல்பு, செலினுக்கு மூட்டுவலித் தைலம்.

பாண்டிச்சேரியிலிருந்து ஒரு பெண் போன். சனிக்கிழமை நம்மூரில் தெரு ஓவியர்கள் கண்காட்சியாம். நம் காம்பவுண்டு சுவரில் பெயின்டர் முருகேசன் வரைந்ததைப் போட்டோ எடுத்துப் பெரிதாக மாட்டுகிறார்களாம். "சுவர் குடுத்தவங்களையும் கௌரவிக்கிறோம் சார். அவசியம் வரணும்."

செலினிடம் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் நிமிரக்கூட இல்லை. "மூத்திரம் பேயாம இருக்க வரைஞ்ச படத்துக்கா? எதுக்கு வரைஞ்சீங்கன்னு கேட்டா என்னங்க சொல்லுவீங்க?"

உள்ளதைச் சொல்வேன் என்றேன். இதில் என்ன வெட்கம்.

செப். 12, வெள்ளி

பல்பு மறந்தேன்.

சட்டை இஸ்திரி. நாளைக்குப் பேசச் சொன்னால் என்ன பேசுவது என்று மதியம் முழுக்க யோசனை. நடந்தது இவ்வளவுதான். எதிரே ஆட்டோ ஸ்டாண்டு, ஐந்தாறு வண்டி. பக்கத்தில் கழிப்பறை கிடையாது. எல்லாருக்கும் என் சுவர்தான். நாற்றம் தாங்காமல் போர்டு எழுதி வைத்தேன், வாசலில் நின்று கத்தினேன். அதிகம் திட்டு வாங்கியது கலியமூர்த்தி. என் வயசுக்காரர், அடிக்கடி வருவதும் அவர்தான். "வயசானா புத்தி வேணாமா?" என்று நாலு பேர் முன்னால் கேட்டிருக்கிறேன். வேட்டியைச் சரிசெய்துகொண்டு வண்டிக்குப் போய்விடுவார்.

அப்புறம்தான் முருகேசனைப் பிடித்தது. குரும்பகரத்துக்காரர். டிராக்டரில் பெயர், கடை ஷட்டர், கட்சிச் சுவர், எல்லாம் எழுதுவார். பிள்ளையார், சேசுநாதர், பள்ளிவாசல். எந்த மதத்துக்காரனும் அங்கே நிற்கக் கூடாது, அதுதான் கணக்கு. முழங்கால் உயரத்தில் வரையச் சொன்னேன்.

"அவ்வளவு கீழயா சார்? சாமி சார்."

"அங்கதான்யா வேணும்."

மறுநாளிலிருந்து ஒருவரும் வரவில்லை. என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

செப். 13, சனி

எழுதவே கை கூசுகிறது. எழுதிவிட்டுப் படுக்கிறேன்.

செலின் வரவில்லை. நான் மட்டும் ஸ்கூட்டரில். வெள்ளைக்காரன் காலத்து வீடு, பெரிய ஹால், நல்ல கூட்டம். தரையில் கரியும் சாக்குக்கட்டியும் வைத்து ஒருவர் ஆஞ்சநேயர் வரைந்துகொண்டிருந்தார். மிதித்துவிடுவோமோ என்று ஜனம் சுவரோடு ஒட்டி ஒட்டி நடந்தது. திருவேட்டக்குடிப் படகுப் பலகை ஒன்று, அதில் மீன், பூ, யாரோ ஒரு பெண் குழந்தையின் பெயர். அதன் முன்னால் ரொம்ப நேரம் நின்றேன். அழகு.

என் சுவர் கடைசியில். ஆள் உயரப் போட்டோ. கீழே எழுதியிருந்தது: 'குழந்தைகளின் கண்ணுக்கு நேராகக் கடவுள்கள். தலத்தெருவில் ஒரு வீட்டுக்காரரின் மதநல்லிணக்கக் கனவு.'

எனக்குப் பின்னால் ஒரு அம்மா தன் மகளிடம், "பாரு, எவ்வளவு நல்ல மனசு."

முருகேசனை மேடைக்கு அழைத்தார்கள். ஏன் அவ்வளவு கீழே வரைந்தீர்கள் என்று அந்தப் பாண்டிச்சேரிப் பெண் மைக்கை நீட்டினாள். அவர் என்னைப் பார்த்தார். சிரிக்கவில்லை. "சார்தான் சொன்னாங்க. சாரே சொல்லுவாங்க."

சொல்லியிருக்கலாம். ஒரே வாக்கியம். சபையே சிரித்திருக்கும், அதோடு போயிருக்கும். அதற்குள் தோளில் பொன்னாடை. என் வாய் சொன்னது: "எம்மதமும் சம்மதம். பிள்ளைங்க சின்ன வயசுலேயே கத்துக்கணும்." கைதட்டல். முருகேசனும் தட்டினார்.

இதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. டீ இரண்டு குடித்தேன். மாத்திரை வேலையைக் காட்டியது. அங்கே கழிப்பறை பூட்டியிருந்தது, சாவி யாரிடம் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. வீட்டுக்குப் போய்விடலாம் என்று கிளம்பினேன். பொன்னாடையைக் கழற்றவில்லை. நாலு பேர் பார்க்கட்டும் என்று ஆசை. பாதி வழிக்கு மேல் முடியவில்லை. இருட்டாக ஒரு சுவர். வண்டியை நிறுத்திவிட்டு ஓடினேன். சுவரில் என்ன இருந்தது என்று பார்க்கவே இல்லை.

ஒரு ஆட்டோ வெளிச்சம் முதுகில் விழுந்தது, ஜரிகை மின்னியது. உடனே லைட் அணைந்தது. வண்டி என்னைத் தாண்டி மெதுவாகப் போய், தள்ளி மறுபடி லைட் போட்டது. பின்னால் எழுதியிருந்ததைப் பார்த்தேன். கலியமூர்த்தி வண்டி.

நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம்.

செப். 14, ஞாயிறு

விடியற்காலை மழை. சர்ச்சில் பூசை முடிந்ததும் சாமியார் கையைக் குலுக்கினார். யாரோ வாட்ஸப்பில் போட்டோ போட்டிருக்கிறார்கள். சிரித்தேன். எப்படித்தான் சிரிக்க வருகிறதோ.

ஸ்டாண்டைத் தாண்டும்போது தலை நிமிரவில்லை. ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. கேலி இல்லை, கனைப்பு இல்லை. கலியமூர்த்தி யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

செலினிடம் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். "கொல்லையில ஒரு கக்கூஸ் சும்மாதான கெடக்கு" என்றாள். அவ்வளவுதான்.

செப். 15, திங்கள்

கொல்லைக் கக்கூஸில் இருந்தவை: பெயின்ட் டப்பா, தேங்காய் மட்டை, உடைந்த கட்டில் கால், ஒரு தேரை. எல்லாம் அப்புறப்படுத்திப் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவினேன். இடுப்பு போச்சு. குழாயில் தண்ணீர் வருகிறது. சந்துப் பக்கம் தனி வாசல். வீட்டுக்குள் வர வேண்டியதில்லை. இத்தனை நாளும் இது இங்கேயேதான் இருந்தது.

செப். 16, செவ்வாய்

வெயில். பல்பு வாங்கியாயிற்று.

பத்து மணிக்குச் சாவியோடு ஸ்டாண்டுக்குப் போனேன். கலியமூர்த்தி மட்டும் இருந்தார். எழுந்து நின்றார், உட்காருங்க என்றேன். அங்கே நின்று பார்த்தால் என் சுவரைத் தவிர வேறெதுவும் கண்ணில் படாது என்பது இன்றைக்குத்தான் தெரிந்தது.

"சந்துப் பக்கம் கக்கூஸ் தொறந்துட்டேன். சாவி இந்தாங்க. நீங்க எல்லாருமே..."

அவர் சாவியைப் பார்த்தார், வாங்கவில்லை. "மத்தவங்ககிட்ட குடுங்க சார், புண்ணியமாப் போவும். எனக்கு வேணாம்."

"கோவமா?"

"ஐயய்யோ, கோவம் என்ன சார். எனக்கும் ஒங்கள மாதிரி சுகர்தான். சொவத்துல சாமி வந்ததுலேருந்து, வண்டி எடுத்தா வீட்டுக்குப் போற வரைக்கும் தண்ணி குடிக்கறதில்ல. ஒடம்பு பழகிடுச்சு."

சாதாரணமாகத்தான் சொன்னார். உதடெல்லாம் வெடித்திருந்தது. நான் சாவி மட்டும்தான் எடுத்துப் போயிருந்தேன்.