பதினோரு பக்கம் ஓடிய ‘அ’ குறித்து

அனுப்புநர்:
தையல் கடைப் பாட்டி
(ஏழாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி ஒருத்தியின் தாயைப் பெற்றவள்),
பள்ளிக்கூடத்துப் பின்வாசலுக்கு நேர் எதிர் வீடு.

பெறுநர்:
கல்வி அலுவலர் அவர்கள்,
கல்வி அலுவலகம், இரண்டாம் மாடி.

பொருள்: ஏழாம் வகுப்பின் பத்துக் கணினிகளை வேறு பள்ளிக்கு மாற்றும் உத்தரவை நிறுத்தி வைத்து, பிள்ளைகளை இன்னொரு முறை சோதித்துப் பார்க்கக் கோருதல்.

பார்வை: இம்மாதம் எட்டாம் தேதி பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்ட தங்கள் உத்தரவும், அதனோடு குத்தப்பட்ட புகைப்படமும்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. குறையைச் சொல்லும் முன் சொல்கிறவள் எப்படிப்பட்ட குடும்பத்தவள் என்று தாங்கள் தெரிந்துகொள்வது நல்லது. என் மூத்த பேத்தி செவிலியர் படிப்பை முதல் வகுப்பில் முடித்து, பெரிய மருத்துவமனையில் குழந்தைகள் பிரிவில் இருக்கிறாள். அவள் ஊசி போட்டால், குழந்தை அழ வாயைத் திறப்பதற்குள் ஊசி வெளியே வந்துவிடும் என்று பெயர். அடுத்தவன், என் மகனின் மகன், பேருந்து ஓட்ட உரிமம் வாங்கி இரண்டு வருடம் ஆகிறது. இன்றுவரை வண்டியில் ஒரு கீறல் கிடையாது. அவன் தங்கை நீச்சலில் இரண்டாம் பரிசு. நீந்தியவர்கள் மொத்தம் மூன்று பேர்தான் என்பதை யாரும் கேட்காமல் நான் சொல்வதில்லை. நான்காமவன் அடுமனையில் வேலை பழகப் போனான். இப்போது அவன் பிசைந்தால்தான் ரொட்டி பஞ்சு போல வருகிறது என்று முதலாளி அவனுக்கு விடுமுறையே தருவதில்லை. நான்கு பேரின் புகைப்படங்களும் தையல் இயந்திரத்துக்கு மேலே சுவரில் வரிசையாக இருக்கின்றன. ஐந்தாவது இடத்தில் ஆணி மட்டும் இருக்கிறது. அது என் கடைசிப் பேத்தியினுடையது. இந்த மனு அந்த ஆணியைப் பற்றியது.

2. நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். பேத்தி தானே தட்டச்சு செய்து தருகிறேன் என்றாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அச்சடித்த மாதிரி ஒரு மனு வந்தால், கடையில் கொடுத்து அடித்தது என்று தங்கள் அலுவலகத்தில் யாராவது ஒருவர் சொல்லாமல் இருக்கமாட்டார். பிள்ளைகள் தட்டச்சு செய்வதைத் தாங்கள் கண்ணால் பார்க்க வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை. எனவே இதை என் கையாலேயே எழுதுகிறேன். பிழை இருந்தால் அது முழுக்க என்னைச் சேர்ந்தது, பள்ளிக்கூடத்தைச் சேராது.

3. தங்கள் உத்தரவில் இரண்டு காரணங்கள் சொல்லப்பட்டுள்ளன. ஒன்று, ஏழாம் வகுப்பு மாணவர்களிடம் கணினியின் அடிப்படைத் திறன் காணப்படவில்லை. மற்றொன்று, கருவிகள் பயன்படுத்தப்படாமல் உள்ளன. ஆகவே முப்பதாம் தேதி லாரி வந்து பத்தையும் ஏற்றிச் செல்லும். ஐயா, இரண்டாவது காரணம் அன்றைக்கு உண்மைதான். அதற்குப் பாதிக் குற்றவாளி நான். முதல் காரணம் உண்மையல்ல. அதற்கும் பாதிக் குற்றவாளி நானே. எப்படி என்று விவரமாகச் சொல்கிறேன்.

4. போன வருடம் கணினிகள் வந்து இறங்கிய அன்றே தலைமையாசிரியர் என் கடைக்கு வந்தார். தூசு படாமல், பல்லி ஏறாமல், சும்மா போகிற கை படாமல் உறை தைத்துத் தர வேண்டும் என்றார். நான் வாழ்நாளில் சட்டை, பாவாடை, தலையணை உறை என்று தைத்தவள். கணினிக்கு உடை தைப்பது இதுதான் முதல் தடவை. அளவெடுத்து, கனமான துணியில், ஓரமெல்லாம் இரட்டைத் தையல் போட்டு, பின்பக்கம் ஒவ்வொன்றுக்கும் ஒன்பது கொக்கி வைத்துத் தைத்தேன். அதைப் போட்ட பிறகு பத்தும் சீருடை போட்ட பிள்ளைகள் மாதிரி உட்கார்ந்திருந்தன. இவ்வளவு அழகாக இருப்பதைக் கழற்ற யாருக்கும் மனசு வரவில்லை. மனசு வந்தாலும் கொக்கி வரவில்லை. கழற்றவும் மாட்டவும் என்னால் மட்டுமே முடிந்தது. ஒரு பாட வேளை முடிவதற்குள் பத்தையும் கழற்றி மாட்டுவது என்னாலும் ஆகாத காரியம். தலைமையாசிரியரும், “ஒண்ணு போச்சுன்னா நான்தான் பதில் சொல்லணும்மா, அது பாட்டுக்கு இருக்கட்டும்” என்று விட்டுவிட்டார்.

5. கணினி ஆசிரியை செவ்வாயும் வியாழனும் மட்டும் வருகிறவர், நல்ல பெண். தொட முடியாத இயந்திரத்தை வைத்துக்கொண்டு என்ன சொல்லிக் கொடுப்பது என்று கையைப் பிசையாமல், சட்டை மடிக்கும் அட்டைகளை என் கடையிலிருந்து வாங்கிப் போனார். விசைப்பலகை எப்படி இருக்குமோ அதே மாதிரி கட்டம் போட்டு, நாற்பத்திரண்டு பிள்ளைகளுக்கும் ஆளுக்கு ஒரு அட்டை செய்தார். விரலுக்குத் தட்டுப்பட வேண்டாமா என்று நான் என் பேத்தியின் அட்டையில் கட்டத்துக்கு ஒன்றாகச் சட்டைப் பித்தான் தைத்துக் கொடுத்தேன். மறுநாள் நாற்பத்தொரு பிள்ளைகள் கடை வாசலில் நின்றார்கள். நாற்பது வருடமாகச் சேர்த்து வைத்த பித்தான் டப்பா காலி. அவர்களே ஊசி பிடித்துத் தைத்தார்கள். இன்று அந்த வகுப்பில் பித்தான் தைக்கத் தெரியாத பிள்ளை கிடையாது. இதையும் ஒரு திறனாக எண்ணிக்கொள்ள வேண்டுகிறேன்.

6. அட்டையில் எழுத்து விழாது. சரியான விரலால் சரியான பித்தானை அழுத்தினார்களா என்று ஆசிரியைதான் ஒவ்வொருவராகக் குனிந்து பார்க்க வேண்டும். அதனால் ஒரு ஒழுங்கு வைத்தார். எழுத்தைச் சொன்னதும் அழுத்த வேண்டும், அவர் வந்து பார்த்து ‘சரி’ என்று சொல்லும்வரை விரலை எடுக்கக் கூடாது. பிள்ளைகள் ஒரு வருடம் அப்படியே பழகினார்கள். எந்த எழுத்துக்கு எந்த விரல் என்று கண்ணை மூடிக்கொண்டு காட்டுவார்கள். என் பேத்தி சாப்பிடும்போதும் இடது கையால் தட்டின் ஓரத்தில் தட்டிக்கொண்டிருப்பாள். “கைய வெச்சிட்டு சும்மா சாப்பிடுடி” என்று அவள் அம்மா அதட்டினால், “ஒரு வரிதாம்மா பாக்கி” என்பாள்.

7. இம்மாதம் மூன்றாம் தேதி, புதன்கிழமை, தங்கள் சோதனை அலுவலர் வந்தார். ஆசிரியை வராத நாள். வந்ததும் பிள்ளைகளைக் கைகட்டி நிற்கவைத்து ஒரு படம் எடுத்தார். பிறகுதான் உறையைக் கழற்ற எனக்கு ஆள் அனுப்பினார்கள். தொண்ணூறு கொக்கியையும் கழற்றி, உறைகளை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு சுவரோரம் நின்றேன். நடந்ததை நேரில் பார்த்தவள் நான் என்பதைப் பணிவுடன் பதிவு செய்கிறேன். பத்துப் பத்துப் பேராக உட்காரவைத்தார்கள். தோழிக்கு ஒரு கடிதம், ‘அன்புள்ள தோழிக்கு’ என்று தொடங்க வேண்டும். சோதனை முடியும்வரை யாரும் ஒரு வார்த்தை பேசக் கூடாது என்றார் அலுவலர். பத்துப் பிள்ளைகளும் சரியான விரலால், சரியான விசையில், ‘அ’வை அழுத்தினார்கள். அழுத்திக்கொண்டே அவர் முகத்தைப் பார்த்தார்கள்.

8. அவர் ‘சரி’ என்று சொல்லவில்லை. அவருக்கு எப்படித் தெரியும். பித்தானுக்கும் விசைக்கும் உள்ள வித்தியாசம் அந்தப் பிள்ளைகளுக்கும் எப்படித் தெரியும். அழுத்தின விரலை எடுக்காவிட்டால் எழுத்து நிற்காமல் ஓடும் என்று அட்டை சொல்லித் தருமா. திரை முழுக்க ‘அ’ ஓடியது. எழுத்தைப் பெரிதாக வைத்திருந்ததால் பக்கம் பக்கமாக நிரம்பியது. என் பேத்திக்கு நாலு நிமிடத்தில் பதினோரு பக்கம். அவள் விரல் நுனி வெளுத்துவிட்டது. அலுவலர் முகத்தைப் பார்த்துப் பார்த்து, கடைசியில் என்னைப் பார்த்தாள். நான் சொல்லியிருக்கலாம் ஐயா. ஒரே ஒரு ‘சரி’. படித்தவர்கள் சோதிக்கும் இடத்தில் நாம் வாயைத் திறக்கக் கூடாது என்று உறையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். வீட்டுக்கு வந்து அவள் சொன்னது இது ஒன்றுதான்: “நான் தப்பா எதுவும் பண்ணல பாட்டி. அவரு சரின்னே சொல்லல.” அன்றைக்குச் சொல்லாததற்குத்தான் இன்றைக்கு இத்தனை பக்கம் எழுதுகிறேன்.

9. நாற்பத்திரண்டு பேரில் ஒருத்தி மட்டும் தேர்ச்சி என்று அறிக்கையில் உள்ளது. அவளுக்கு வகுப்பில் ‘வாலு’ என்று பெயர். ஆசிரியை சொன்ன எதையும் என்றைக்கும் கேட்டவள் இல்லை. அன்றும் அரை வரியிலேயே கையை எடுத்துவிட்டு, கடிதத்தை முடித்து, ஜன்னல் வழியே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். ஒழுங்காக நடந்துகொண்ட நாற்பத்தொரு பேரும் தோல்வி. இதில் உள்ள நியாயத்தைத் தங்களிடமே விட்டுவிடுகிறேன்.

10. உத்தரவு ஒட்டப்பட்ட அன்று எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் படத்தைப் பார்த்துவிட்டு, “மூட்டை கிளாஸ் போகுது பாரு” என்று கேலி செய்தார்கள். படத்தில் கணினிகள் பத்து மூட்டை மாதிரிதான் தெரிகின்றன. தையல் நன்றாக விழுந்திருக்கிறது என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். நான் நேரே தலைமையாசிரியர் அறைக்குப் போனேன். ஒன்று போனால் தான் பதில் சொல்ல வேண்டும் என்று பழைய பாட்டையே தொடங்கினார். “இப்ப பத்தும் போகுதே சார், அதுக்கு யாரு பதில் சொல்றது?” என்றேன். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். மறுபடியும் துடைத்தார். பிறகு, “கொக்கியக் கழட்டுங்கம்மா” என்றார். கெட்ட மனிதர் இல்லை. பயந்த மனிதர். பயம் போனதும் முதல் ஆளாக அவரே உட்கார்ந்து தன் பெயரைத் தட்டச்சு செய்து பார்த்தார். அவருக்கு ஒரு விரல்தான் வருகிறது.

11. அன்றிலிருந்து உறை இல்லை. முதல் நாள் யாருக்கும் கை வரவில்லை. அழுத்துவார்கள், நிமிர்ந்து ஆசிரியையைப் பார்ப்பார்கள், ‘அ’ ஓடும். ஆசிரியைக்குக் கண் கலங்கிவிட்டது. அப்போது அந்த வாலுப் பெண் எழுந்து வந்து, “சுடுற பாத்திரத்தத் தொட்ட மாதிரி தொடுங்கடி. தொட்டுட்டு ஓடியாங்க” என்றாள். அவ்வளவுதான். ஒரு மணி நேரத்தில் நாற்பத்தொரு பேருக்கும் வந்துவிட்டது. விரல் எல்லாம் முன்பே தெரிந்ததுதானே, எடுப்பது மட்டும்தானே பாக்கி.

12. இப்போது அவர்களுக்குத் தெரிந்தவற்றைச் சொல்கிறேன். கணினியை முறைப்படி இயக்கவும் அணைக்கவும் தெரியும். கடிதம் அடிப்பார்கள். தலைப்பை நடுவில் வைத்துத் தடித்த எழுத்தாக்குவார்கள். ஒரு பத்தியை வெட்டி வேறு இடத்தில் ஒட்டுவார்கள். வெட்டி ஒட்டுவதை எனக்கும் காட்டினார்கள். துணியில் இப்படி ஒட்டுத் தெரியாமல் ஒட்ட முடிந்தால் நான் எங்கேயோ போயிருப்பேன். தப்பாகச் செய்ததைத் திரும்பப் பெறும் விசை ஒன்று இருக்கிறது. தையலைப் பிரித்தாலும் ஊசித் துளை தெரியும். இதில் அதுவும் தெரியவில்லை. எழுதியதற்குப் பெயர் வைத்துச் சேமிக்கவும், மறுநாள் தேடி எடுக்கவும் தெரியும். என் பேத்தி நான்காம் நாள் தலைமையாசிரியருக்கு ஒரு விடுப்பு விண்ணப்பம் அடித்துக் கொடுத்தாள். கணினி அறையை விட்டு வர மனமில்லாததால் விளையாட்டு வேளைக்கு வகுப்பு முழுவதற்கும் விடுப்பு வேண்டுமாம். ஒரு பிழை இல்லை. தலைமையாசிரியர் ‘மறுக்கப்படுகிறது’ என்று எழுதி, அதை எல்லா ஆசிரியர்களிடமும் காட்டிக்கொண்டு திரிந்தார்.

13. எனவே தாங்கள் தயவுகூர்ந்து:

(அ) முப்பதாம் தேதி லாரியை நிறுத்தி வைக்க வேண்டும். அந்த வேறு பள்ளிப் பிள்ளைகளுக்கும் கணினி வேண்டும்தான், அவர்களும் நம் பிள்ளைகள்தான். புதிது வரும்வரை சனிக்கிழமைதோறும் அவர்கள் இங்கே வந்து பழகலாம் என்று தலைமையாசிரியர் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்ட தாள் இத்துடன் உள்ளது.

(ஆ) அதே சோதனை அலுவலரையே மறுபடி அனுப்ப வேண்டும். வேறு யாரும் வேண்டாம். அவர் எந்தக் கிழமையில் வந்தாலும் சரி, ஒரு வார்த்தை பேசாமல் நின்றாலும் சரி. அன்று அவருடைய கால்சட்டையின் கீழ்மடிப்பில் தையல் விட்டிருந்ததைக் கவனித்தேன். வந்தால் ஐந்து நிமிடத்தில் போட்டுத் தருவேன். சோதனை முடிந்த பிறகுதான் தைப்பேன், முடிவு எதுவானாலும் தைப்பேன்.

(இ) உறைகளைப் பற்றித் தங்களுக்குக் கவலை வேண்டாம். கொக்கிகளை எல்லாம் அறுத்துவிட்டு, முன்பக்கம் ஒரு நாடா வைத்திருக்கிறேன். ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒற்றைக் கையால் இழுத்தால் ஐந்து எண்ணுவதற்குள் கழன்றுவிடும்.

(ஈ) கடைசியாக, பலகையில் உள்ள மூட்டைப் படத்தை எடுத்துவிட வேண்டும். மறு சோதனை அன்று புதிய படம் ஒன்று எடுத்து, தங்கள் கோப்பிலும் பலகையிலும் அதை வைத்து, ஒரு பிரதியை மேலே கண்ட முகவரிக்குத் தபாலில் அனுப்பிவைக்க வேண்டும். படத்துக்குக் கண்ணாடிச் சட்டம் வாங்கியாயிற்று. ஆணியும் தயாராக இருக்கிறது. படத்தில் பிள்ளைகளின் விரல்கள் விசைமேல் இருக்கட்டும். எடுத்து முடித்ததும் அந்த அலுவலரை ‘சரி’ என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்கள். அவர்களுக்கு இனி அது தேவையில்லை. ஆனாலும் அவர் வாயால் ஒருமுறை கேட்க வேண்டும் என்று என் பேத்தி ஆசைப்படுகிறாள்.

தங்கள் பதிலைப் பின்வாசல் பக்கம் பார்த்துக்கொண்டு தைத்துக்கொண்டிருக்கும்,

(கையொப்பம்)
தையல் கடைப் பாட்டி

நாள்: இம்மாதம் பதினைந்தாம் தேதி, திங்கட்கிழமை
இடம்: கடை மேசை

இணைப்பு: தலைமையாசிரியரின் ஒப்புதல் தாள் ஒன்று, பித்தான் தைத்த அட்டை ஒன்று (பார்த்துவிட்டுத் திருப்பித் தரவும், பேத்தி கேட்பாள்).