எட்டு ஹெச்.பி. மோட்டாருக்கு ஒரு ரப்பர் படகு

1 அக்டோபர் 2025, புதன்

ஆயுத பூஜை. அரிவாள்மனை, தையல் மெஷின், இவருடைய ஸ்கூட்டர், வராந்தாவில் ஸ்டாண்டில் மாட்டியிருக்கும் படகு மோட்டார் — எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தாயிற்று. சங்கரன்கோவிலில் படகு மோட்டாருக்குப் பொரிகடலை படைக்கிற வீடு எங்களுடையது ஒன்றாகத்தான் இருக்கும். அந்தமான் துறைமுக வேலையை விட்டு ஊருக்கு வந்து பதினாறு வருஷம். படகை அங்கேயே கொடுத்துவிட்டு மோட்டாரை மட்டும் கப்பலேற்றிக் கொண்டுவந்தார். வருஷத்துக்கு ஒரு நாள் தண்ணீர் டிரம்முக்குள் இறக்கி ஓட்டிப் பார்ப்பார். இன்றும் ஓடியது. அந்தப் புகை மூக்கில் ஏறியதும் போர்ட் பிளேர் குவார்ட்டர்ஸ், மரப்படகு, ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் வந்துவிட்டன. கண்ணைத் துடைத்துக்கொண்டு புகை என்றேன்.

2 நவம்பர், ஞாயிறு

கிழக்கே குளம் நிறைந்து மறுகால் பாய்கிறது. பார்த்துவிட்டு வந்தவருக்கு முகமெல்லாம் வெளிச்சம். "ஏட்டி யோகம், ஒரு போட் வாங்கப் போறேன். காத்தடிக்கிற ரப்பர் போட். மடிச்சுக் கட்டிலுக்கு அடியில வச்சுக்கிடலாம்."

அறுபத்திரண்டு வயதில் ஆசையைப் பார்!

"யாரு யாரு போக?" என்றேன்.

"நாம ரெண்டு பேருதான். வேற யாரு இருக்கா?"

வேற யாரு இருக்கா. வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டு மாவு ஆட்டப் போனேன். மகள் ஜெயசித்ரா தூத்துக்குடியில்தான் இருக்கிறாள், இரண்டரை மணி நேரப் பயணம். கூட வேலை பார்த்த எபினேசரைக் கட்டிக்கொண்டாள் என்று ஆறு வருஷமாக இவருக்கு அவளோடு பேச்சில்லை. பேரனுக்கு மூன்று வயது ஆகப்போகிறது, போட்டோவைக்கூடப் பார்க்க மாட்டேன் என்கிறார். கோவில்பட்டியில் கல்யாணம் என்று பொய் சொல்லிவிட்டு நான் மட்டும் இரண்டு தடவை போய் வந்தேன்.

5 நவம்பர், புதன்

படகு விற்கிற கம்பெனிக்குப் போன். ஒரு பெண் பேசினாள். மோட்டார் எத்தனை ஹெச்.பி., எத்தனை கிலோ, தண்ணீருக்குள் இறங்கும் தண்டு எத்தனை அங்குலம் — அதைப் பொறுத்துத்தான் படகாம். எட்டு ஹெச்.பி. என்று டக்கென்று சொல்லிவிட்டார். எடைக்கு, மோட்டாரில் ஒட்டியிருக்கும் தகட்டைப் பார்க்கப் போனால் பதினாறு வருஷச் சந்தனம் அப்பிக் கிடக்கிறது. சுரண்டினேன், எழுத்தும் சேர்ந்து வந்துவிட்டது.

"பூஜ பண்ணியே அழிச்சிட்டியேட்டி!"

ஒரு வருஷம் வைக்காமல் விட்டிருந்தால் சும்மா இருந்திருப்பாரா?

"இருவது கிலோதான் இருக்கும். ஒத்தக் கையில தூக்கிட்டுப் போவேன்லா" என்றார். அந்தமானில் அப்படிப் போனார்தான். ஒரு கையில் மோட்டார், இன்னொரு கையில் சித்ராவின் விரல். சோற்றுத் தூக்கோடு நான் பின்னால்.

6 நவம்பர்

தையல் டேப்பால் தண்டை அளந்தேன். பதினைந்து அங்குலம். ரப்பர் படகுக்குச் சரியான அளவாம்.

8 நவம்பர், சனி

மோட்டாரை ஆட்டோவில் வைத்துப் பூ மார்க்கெட்டுக்குக் கொண்டுபோனோம். பேச்சிராஜா தன் கமிஷன் கடைத் தராசிலிருந்து மல்லிகைக் கூடையை இறக்கிவிட்டு ஏற்றிப் பார்த்தார். இருபத்தேழு கிலோ. இவர் ஒத்துக்கொள்ளவே இல்லை.

"அண்ணாச்சி, தராசு சரியாத்தான் இருக்கு. ஒங்களுக்குத்தான் வயசாயிட்டு" என்றார் பேச்சிராஜா.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். இவரும் சிரித்தார். வீட்டில் மோட்டாரை இறக்கி வைக்க இரண்டு கையும் வேண்டியிருந்தது. எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை.

11 நவம்பர், செவ்வாய்

மறுபடி போன். இவர் கேட்ட ஏழரை அடிப் படகு நாலு ஹெச்.பி.க்கு மேல் தாங்காதாம். இந்த மோட்டாரை மாட்டினால் பின்பலகை பிய்ந்துவிடும், படகு மூக்கைத் தூக்கிவிடும் என்றாள். ஒன்பதடிப் படகு எட்டு ஹெச்.பி. வரைக்கும் தாங்கும், மூன்று பேர் போகலாம். பத்தடி என்றால் பத்து ஹெச்.பி., பெரியவர்கள் நாலு பேரும் ஒரு பிள்ளையும்.

"மொத்தம் எத்தனை பேர் சார் போவீங்க?"

"ரெண்டு."

"அப்ப ஒன்பதடியே போதும் சார்."

மூக்கைத் தூக்கும் என்றதும் ஞாபகம் வந்தது. போர்ட் பிளேரில் என்னைத்தான் எப்போதும் கனத்துக்காக முன்னால் உட்கார வைப்பார். "அம்மா மூட்ட மாதிரி இருக்கா" என்று சித்ரா நடுவில் கிடந்து உருண்டு சிரிப்பாள். அப்பாவும் மகளும் ஒரு கட்சி, நான் ஒருத்தி எதிர்க்கட்சி. அப்படி ஒட்டிக் கிடந்த இரண்டு பேர். என்ன வீம்பு இது? யாருக்காக?

மாலையில் கேட்டே விட்டேன். "ரெண்டு பேருக்கு எதுக்கு போட்டு? கரையில நின்னே குளத்தப் பாத்துக்கிடலாம்லா. நடுவுல உக்கார ஆளு எங்க இருக்கு?"

சட்டையை மாட்டிக்கொண்டு கோயிலுக்குப் போய்விட்டார்.

12 நவம்பர்

குழம்பில் உப்புப் போட மறந்துவிட்டேன், அதைக்கூடச் சொல்லாமல் சாப்பிட்டார்.

15 நவம்பர், சனி

காலண்டர் தாளின் பின்பக்கம் கணக்குப் போட்டிருக்கிறார். மோட்டார் 27, பெட்ரோல் டாங்க் 10, நான் 64, யோகம் 71. (எழுபத்தொன்றா! அறுபத்தெட்டுதான்.)

பத்தடிதான் வேண்டுமாம். "ஒம்பதடி எட்டு ஹெச்.பி.க்குச் சரிக்குச் சரி. கொஞ்சம் தாராளமா இருந்தாத்தான் மோட்டாருக்கு நல்லது" என்றார், சுவரைப் பார்த்து.

மோட்டாருக்கு நல்லதாம். நான் வாயைத் திறந்தால் கெடுத்துவிடுவேன் என்று பயம்.

18 நவம்பர், செவ்வாய்

காலையில் அந்தத் தாளில் இன்னும் மூன்று வரி இருந்தது. சித்ரா 55. மாப்பிள்ளை 75. கடைசி வரியில் 'பய' என்று மட்டும், எண் இல்லை.

"சித்ராவுக்குப் போன் போட்டுக் குடு" என்றார்.

போட்டுக் கொடுத்தேன். ஆறு வருஷம் கழித்துப் பேசுகிற மனுஷன், நல்லா இருக்கியா என்றுகூடக் கேட்கவில்லை.

"ஏட்டி, லைஃப் ஜாக்கெட்டுக்கு அளவு சொல்லணும். பய எத்தன கிலோ இருப்பான்?"

போனைக் காதோடு அழுத்திக்கொண்டு இவர் அசையாமல் நின்றார். பிறகு பென்சிலை எடுத்துப் பதினாலு என்று எழுதினார்.