எதிர்ப்பக்கத்து விளிம்பு

அண்ணே,

இன்று காலை லாபிஸ் சந்தையில் பழைய நாணயம் விற்கும் சீனர் ஒரு இருபது காசை என் கையில் வைத்தார். ஓரத்தில் பிறை மாதிரி ஒரு கடி. இப்போது வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன், விரலில் அது இன்னும் உறுத்துகிறது. நான் சொல்ல மகள் எழுதுகிறாள்.

நீங்களும் இப்படித்தான் கடிபட்ட பத்து காசு ஒன்று கொண்டுவந்தீர்கள். சில்லறையில் வந்தது, அச்சுப் பிழை என்று ஆசையாகக் காட்டினீர்கள். நாணயம் சேர்ப்பவர்கள் கூடும் மேசையில் ஒருத்தன் சொன்னான்: "காலையில பூசைக்குப் போறாரு, மத்தியானம் குறடு எடுத்துக் காச வெட்டுறாரு லா." நீங்கள் காசை என்னிடம் நீட்டினீர்கள். "நீ தடவிப் பார்த்துச் சொல்லுடா. நீ சொன்னா சரி."

எனக்கு எழுத்து தெரியாது. ஆனால் தோட்டத்தில் ரப்பர் ஷீட்டை முப்பது வருசம் விரலால் தரம் பிரித்தவன். ஆசிட் தின்ற காசா, மண்ணில் கிடந்து அரித்ததா, தடவியே சொல்வேன். அந்த மிதப்பில் அவசரப்பட்டேன். "வெட்டினதுதான்ணே." மேசையே சிரித்தது. நீங்கள் காசைப் பையில் போட்டுக்கொண்டு சைக்கிளை எடுத்தீர்கள். பிறகு அந்தப் பக்கம் வரவே இல்லை.

காசு அடிக்கும் தகடு அச்சுக்குப் போகும் முன்பே குறைபட்டிருந்தால், கடிக்கு நேர் எதிரே விளிம்பு சரியாக எழும்பாதாம், மழுங்கிக் கிடக்குமாம். பிறகு யாராவது வெட்டியதென்றால் எதிர்ப்பக்கம் முழுசாக நிற்குமாம். சீனர் இன்று காட்டினார்.

உங்கள் காசில் எதிர்ப்பக்கம் மழுங்கித்தான் இருந்தது. என் விரலுக்கு அன்றைக்கே தட்டுப்பட்டது. தேய்மானம் என்று விட்டுவிட்டேன்.

சந்தையிலிருந்து நேரே அண்ணியைப் பார்க்கப் போனேன். என்மேல் கோபத்தோடுதான் நீங்கள் செத்தீர்கள் என்று நாலு வருசமாக நினைத்திருந்தேன்.

"கோவமா?" என்றார் அண்ணி. "உங்க விரலு தப்பாது, எவனோ வெட்டினத நான் நம்பிட்டேன்னாரு, தம்பி. சேர்த்ததெல்லாம் யாருக்கோ தூக்கிக் குடுத்துட்டாரு. எனக்குப் பார்க்கத் தெரியலன்னாரு."

கோபமாகவே போயிருக்கலாம் அண்ணே, தாங்கியிருப்பேன். அடுத்த ஞாயிறு அந்த மேசைக்குப் போய், சிரித்தவன் முன்னாலேயே சொல்லப்போகிறேன்: அண்ணன் பார்த்தது சரி, தப்பு என்னுடையது. அவன் கேட்டுக்கொள்வான். கேட்க வேண்டிய ஆள் அவனில்லையே.