மூன்று லாரிகளும் ஒரு கிராஃபிக்ஸ் கார்டும்

மார்ச் 3, செவ்வாய்

இன்றும் கடைசி லாரி என்னுடையதுதான்.

ஓய்வு பெற்ற பிறகு எனக்கும் தங்கைக்கும் சாயங்காலம் என்றால் இதுதான். அவள் வேறு ஊர், நான் இங்கே. கணினியில் லாரி ஓட்டும் விளையாட்டில் மட்டும் இருவருக்கும் ஒரே சாலை. முன்னால் அவள், பின்னால் நான், காதில் ஹெட்போன், வாய் நிறைய வீட்டுக் கதை. இப்போது நடுவில் மூன்றாவதாக ஒரு லாரி. தங்கை மகளைக் கொடுத்த இடத்துச் சம்பந்தியம்மா.

பாலத்தில் ஏறும்போது அவர், "ஆத்துல நிலா தெரியுது பாருங்க" என்றார். "அட, ஆமா சம்பந்தி" என்றாள் தங்கை. என் திரையில் ஆறு தார் ஊற்றியது போல் கிடந்தது. அதுவும் இரண்டு முறை அப்படியே உறைந்து நின்றது. "ஆமா, அழகா இருக்கு" என்று நானும் சொல்லிவைத்தேன். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள் என்று வகுப்பு வகுப்பாகச் சொல்லிக்கொடுத்தவள் நான்.

"நீங்க ரெண்டு பேரும் முன்னாடி போங்க, நான் மெதுவா வர்றேன்" என்றேன். போய்விடுவார்கள் என்று நினைத்தா சொன்னேன்? தங்கை பறந்துவிட்டாள். அந்த அம்மா மட்டும் வழியில் பங்கில் நின்றுகொண்டிருந்தார். டீசல் போடவேண்டுமாம். போன வாரமும் இதே பாட்டு. அப்படி என்ன லாரியோ, இந்தக் குடி குடிக்கிறது.

மார்ச் 5, வியாழன்

என்னை "அக்கா" என்கிறார். வயதில் எனக்கு மூத்தவராகக்கூட இருப்பார். தங்கைக்கு அக்கா என்றால் தனக்கும் அக்காவாம். அந்தச் சொல்லுக்கு எனக்கு ஒருத்தி போதும்.

சம்பந்தி என்பதால் முகத்தைக் காட்டவும் முடியாது. நம் வீட்டுப் பெண் அவர்கள் வீட்டில் வாழ்கிறாள்.

இன்று மழைச் சாலை. அவருடைய லாரிக் கண்ணாடியில் ஒவ்வொரு துளியும் தனித்தனியாக விழுகிறதாம், வைப்பர் வழித்துத் தள்ளுகிறதாம். எனக்கு மழை என்பது பென்சிலால் கிறுக்கிய கோடு. "பையன் புது கிராஃபிக்ஸ் கார்டு வாங்கிப் போட்டான்க்கா. நான் கேக்கவே இல்ல" என்றார். கேட்காமல் கிடைத்ததைச் சொல்வதற்கென்றே சிலருக்கு ஒரு குரல் இருக்கிறது. அவளுக்கு இருக்கிறது. ஆம், அவள். இங்கே அப்படியே எழுதுகிறேன், யார் பார்க்கப்போகிறார்கள்.

மார்ச் 8, ஞாயிறு

துணி துவைக்கும் மெஷினுக்கு என்று எடுத்துவைத்த பணத்தில் கார்டு வாங்கலாம் என்று இருக்கிறேன். வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"மெஷின் சுத்துறப்ப குளியலறையிலேர்ந்து நடந்து ஹாலுக்கு வருது. இன்னும் ரெண்டு மாசம் விட்டா கடைக்குப் போய் காய்கறி வாங்கிட்டு வரும்."

"வரட்டும், எனக்கு ஒரு வேலை மிச்சம்" என்றேன்.

பேப்பரை மடித்துவைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "உனக்கு நிஜமாவே நிலாதான் பாக்கணுமா?"

எனக்கு வேண்டியது நிலாவா? அதைப் பார்த்து தங்கை "அட" என்று சொல்லும்போது அது என்னோடு பார்த்த நிலாவாக இருக்கவேண்டும்.

மார்ச் 10, செவ்வாய்

கடைக்குப் போவதற்கு முன் எனக்கு நானே பாடம் நடத்திக்கொண்டேன். பிராசசர் தலைமையாசிரியர், எல்லா முடிவும் அவருடையது. கிராஃபிக்ஸ் கார்டு ஒரு வகுப்பு நிறையப் பிள்ளைகள்; ஆளுக்கொரு கட்டம் பிரித்துக்கொண்டு ஒரே நேரத்தில் வண்ணம் தீட்டுவார்கள். என் கணினியில் தனிக் கார்டே கிடையாது. தலைமையாசிரியரே வேலைக்கு நடுவில் தூரிகை பிடிக்கிறார். படம் உறையாமல் என்ன செய்யும்? கார்டின் மெமரி என்பது மேசை. மேசை சிறியது என்றால் ஒவ்வொரு நோட்டுக்கும் எழுந்து அலமாரிக்குப் போகவேண்டும்.

கடைக்காரரிடம் சம்பந்தியம்மா வைத்திருக்கும் அதே கார்டைக் கேட்டேன்.

"பேரனுக்கா டீச்சர்?"

"எனக்கு."

மரியாதையோடு ஸ்டூலை இழுத்துப் போட்டார். கொண்டுபோயிருந்த கணினிப் பெட்டியைத் திறந்து, டேப்பை உள்ளே நீட்டிப் பார்த்தார். "அது இதுக்குள்ள நுழையாது. நுழைஞ்சாலும் உங்க பவர் சப்ளை தாங்காது."

"பெருசா ஒண்ணு மாத்திட்டா?"

"அப்புறம் பிராசசர் ஈடு கொடுக்காது. அதை மாத்தினா போர்டு மாத்தணும். கடைசியில உங்க வீட்டுக்காரர் தாங்கமாட்டார்."

மூன்று கார்டுகளைக் கவுண்டரில் பரப்பினார். விலை குறைந்த புதியது, ஆனால் மேசை மிகச் சின்னது. ஒருவர் இரண்டு வருடம் பயன்படுத்திக் கொடுத்தது, மேசை பெரியது, மின்சாரமும் நிறையக் கேட்கும், உத்தரவாதம் கிடையாது. மூன்றாவது நடுத்தரம்: கொஞ்சம் பழைய மாடல், பெட்டி பிரிக்காதது, தனி மின்வயர்கூட வேண்டாம்.

இரண்டாவதை எடுத்து எடுத்துப் பார்த்தேன். அவளுடைய கார்டின் எண்ணுக்கு அதுதான் பக்கத்தில் வருகிறது. அந்த ஒரே காரணம்தான். மாணவி ஒருத்தி இப்படிக் காரணம் சொல்லியிருந்தால் உட்காரவைத்துப் பேசியிருப்பேன். என்னை யார் உட்காரவைப்பது?

"உங்க மானிட்டர் சின்னதுதானே டீச்சர். சின்ன ஜன்னலுக்கு எதுக்கு கல்யாண மண்டபத்துத் திரை?"

மூன்றாவதையே சொல்லிவிட்டு வந்தேன். பொருத்தி, ஓட்டிப் பார்த்து சனிக்கிழமை தருகிறாராம்.

மார்ச் 14, சனி

வந்துவிட்டது. கடையில் ஓட்டிக் காட்டினார், மீன் மீனாய் ஏதோ நீந்தியது, நன்றாகத்தான் இருந்தது. வீட்டில் வயர்களை நானே மாட்டினேன். அதில் எனக்குத் தவறே வராது. நோட்டுகளில் ஒட்ட வாங்கி மிஞ்சிய ஸ்டிக்கர்களை வயர்களிலும் ஓட்டைகளிலும் எப்போதோ ஒட்டிவைத்திருக்கிறேன். மஞ்சளுக்கு மஞ்சள் கீபோர்டு, நீலத்துக்கு நீலம் மவுஸ், பச்சைக்குப் பச்சை மானிட்டர்.

ஆறு மணிக்குப் பாலம் ஏறினேன்.

தார்.

மார்ச் 15, ஞாயிறு

ஒன்றும் மாறவில்லை. தலைவலி என்று சொல்லிப் படுத்துவிட்டேன். அவர்கள் இருவரும் கடற்கரைச் சாலையில் போனார்களாம். "சூப்பரா இருந்துச்சுக்கா, நீ மிஸ் பண்ணிட்ட" என்று தங்கை அனுப்பியிருக்கிறாள்.

போங்க. நல்லா போங்க. சம்பந்தியும் சம்பந்தியும் சேர்ந்து கடலைப் பாருங்க. ஏன் இப்படிக் கிடந்து பொருமுறேன் நான்? இவளுக்கு சைக்கிள் ஓட்டக் கத்துக்கொடுத்ததே நான்தானே. சீட்டைப் பிடிச்சுக்கிட்டுத் தெருத்தெருவா பின்னாடியே ஓடினேன். விட்டதும் திரும்பிக்கூடப் பாக்காம போனா. அப்பவும் இப்படித்தான்.

மார்ச் 17, செவ்வாய்

கடைக்காரருக்குப் போன் செய்து கொஞ்சம் கடுமையாகவே பேசிவிட்டேன். "உங்க முன்னாடிதானே ஓட்டிக் காட்டினேன் டீச்சர்" என்றார் பாவமாக.

மத்தியானம் அவளே கூப்பிட்டாள். சம்பந்தியம்மா.

"என்னக்கா, மறுபடி ரெண்டு நாளா லாரியைக் காணோம்?"

தலைவலி என்று ஆரம்பித்தேன். எப்படியோ எல்லாம் கொட்டிவிட்டது: கார்டு, மெஷின் பணம், தார் மாதிரி ஆறு. நிலா தெரியாமலே தெரிகிறது என்று சொன்னதுகூட.

சிரிக்கப்போகிறாள் என்று காத்திருந்தேன்.

"மானிட்டர் வயரை எங்கக்கா சொருகியிருக்கீங்க?"

"எப்பவும் சொருகுற இடத்துலதான்."

"அதாங்க்கா விஷயம். அது பழைய வழி. புதுக் கார்டுக்குன்னு கீழ தனியா ஒரு ஓட்டை இருக்கும், பாருங்க. எனக்கும் இதேதான் ஆச்சு. பையன் ஏமாந்து வாங்கிட்டான்னு நெனச்சு, அவன் மனசு நோகுமேன்னு ஒரு வாரம் பேசாம இருந்தேன்."

மண்டியிட்டு, பின்னால் டார்ச் அடித்தேன். கீழே புத்தம்புது ஓட்டை, ஸ்டிக்கர் இல்லாமல். மேலே பழைய ஓட்டையில் என் பச்சைப் பொட்டு, பத்திரமாக. வாங்கிய கார்டு மூன்று நாளாக உள்ளே சும்மா உட்கார்ந்திருந்திருக்கிறது. தலைமையாசிரியர்தான் இன்னமும் தூரிகை பிடித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

வயரை மாற்றிப் போட்டேன். அவர் போனிலேயே இருந்தார். பாலம் வரைக்கும் ஓட்டினேன்.

"தெரியுதாக்கா?"

"தெரியுது."

நன்றியும் சொன்னேன். அதை இவரிடமா கேட்டுத் தெரிந்துகொள்ளவேண்டும் என்ற எரிச்சல் முழுதும் போகவில்லை. கடைக்காரரிடமும் மன்னிப்புக் கேட்டேன்.

மார்ச் 22, ஞாயிறு

விளையாட்டில் புதிதாகப் பனிமலைச் சாலை சேர்த்திருக்கிறார்கள். மூவரும் ஏறினோம். பனி முகப்பு விளக்கில் பஞ்சு பஞ்சாக வருகிறது. நானும் சம்பந்தியம்மாவும் மாறி மாறி "பாருங்க, பாருங்க" என்று சொல்லிக்கொண்டே போனோம். தங்கையின் கணினி அவள் வீட்டுக்காரர் ஆபீஸில் கழித்துப்போட்டது. கீழ்ச் சாலைகளுக்குப் போதும். மலையில் மூச்சு வாங்கிவிட்டது போலிருக்கிறது.

"நீங்க ரெண்டு பேரும் முன்னாடி போங்க, நான் மெதுவா வர்றேன்" என்றாள்.

போய்விட்டேன். உச்சியில் அவ்வளவு அழகு. சம்பந்தியம்மா நடுவழியில் ஒருமுறை டீசலுக்கு நின்றார். நான் நிற்கவில்லை.

மார்ச் 23, திங்கள்

காலையில் தங்கையிடமிருந்து: "உங்க ரெண்டு பேருக்கும் நேத்து நல்லா பொழுது போச்சு போல."

படித்ததும் உள்ளே ஒரு இனிப்பு. எழுதவே கூச்சமாக இருக்கிறது, ஆனால் இருந்தது. அப்புறம் இந்த நோட்டைப் பின்னோக்கிப் புரட்டினேன். மூன்றாம் தேதிவரைக்கும்.

மார்ச் 24, செவ்வாய்

இன்றும் மலைதான். அடிவாரம் தாண்டியதுமே தங்கை பின்தங்கிவிட்டாள். முதல் பங்கு வந்ததும் லாரியை ஒதுக்கினேன்.

"என்னக்கா நின்னுட்டீங்க?" என்றார் சம்பந்தியம்மா.

"டீசல் போடணும்."

டேங்க் முழுதாக இருந்தது. முள் எனக்கு நன்றாகவே தெரிந்தது, இப்போதுதான் எல்லாம் தெளிவாகத் தெரிகிறதே.

அவருடைய லாரியும் வேகம் குறைந்தது. பிறகு, "எனக்கும் போடணும்க்கா" என்று பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினார். சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. நான் கேட்கவில்லை.

மழை பிடித்தது. வைப்பரைப் போடாமல் துளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் கீழ் வளைவில், விட்டு விட்டு, ஒரு விளக்கு.

"போயிட்டீங்களா?" என்றாள் தங்கை.

"இல்லடி. டீசல் போட்டுட்டிருக்கோம். நீ பாத்து வா."