கிணற்றில் கொட்டிய பிளீச்சிங் பவுடர்

அன்புள்ள அம்மாவுக்கு, ரீட்டா எழுதுகிறேன். உங்கள் கால் வீக்கம் வடிந்ததா? நான் நலம். போனில் சொன்னால் பாதியிலேயே அழுதுவிடுவீர்கள் என்றுதான் இந்தக் கடிதம்.

விருத்தாசலம் பக்கத்து ஊரொன்றில் பீங்கான் கம்பெனிகளுக்காகக் களிமண் வெட்ட அனுமதி கேட்டிருக்கிறார்கள். அதற்கு முன் ஊர்க் கிணற்றுத் தண்ணீரை உள்ளபடியே சோதித்துப் பதிவது என் வேலை. நான் குறை சொல்லிவிடுவேனோ என்று ஊரார் கிணற்றில் பிளீச்சிங் பவுடரைக் கொட்டிவைத்திருந்தார்கள்! வாடை மூக்கில் ஏறியது. தண்ணீர் மாதிரி எடுக்காமல் கிளம்பினால் ஜீப்பை மறித்துக்கொண்டார்கள்.

“எங்க தண்ணி என்னா, சாக்கடையா?” என்று வாசுகி என்ற அக்கா சத்தம் போட்டார்.

“இந்தப் பவுடர் தண்ணிய எழுதிட்டா, நாளைக்குக் களிமண் குழித்தண்ணி கலந்து கெட்டாலும் ‘முன்னாடியே இப்படித்தான்’னு கம்பெனிக்காரங்க சொல்லிடுவாங்கக்கா” என்றேன்.

கூட்டம் அடங்கியது. அவர்களே மோட்டார் போட்டு இறைத்தார்கள். புது ஊற்று ஊறியதும் எடுத்தேன். குழித்தண்ணீரை வெளியே விடக்கூடாது, கிணற்றை மாதாமாதம் சோதிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் அனுமதி வந்திருக்கிறது. அப்பாடா!

இந்தப் பக்கம் யாராவது வந்தால் நெத்திலிக் கருவாடும் என் போர்வையும் கொடுத்துவிடுங்கள். பழையதே போதும், துவைக்க வேண்டாம்.

நேற்று சேதி சொல்லப் போனபோது வாசுகி அக்கா சொம்பை நீட்டினார். “பவுடரு போடாததுங்க, குடிங்க.” இந்த ஊருக்கு வந்து முதன்முதலாக ஒருவர் கையால் வாங்கிக் குடித்தது அதுதான், அம்மா.

வண்டி வந்துவிட்டது.

உங்கள் ரீட்டா