பிணத்துக்கும் கைதட்டல் உண்டு

மார்ச் 4

மகளிடம் சொல்லாமல் பஸ் ஏறிவிட்டேன்.

டாக்டர் தினமும் நடக்கச் சொன்னார். மகள் அதைத் திருத்தி, ஹாலுக்குள்ளேயே நட என்கிறாள். சோபாவையே சுற்றிச் சுற்றி வர நான் என்ன செக்குமாடா? இருதய ஆபரேஷன் முடிந்து ஐந்து மாதமாகிறது. பள்ளிக்கூட மைதானத்தில் விசில் ஊதி ஊதிப் பெண் பிள்ளைகளை ஓடவைத்த டிரில் டீச்சர் நான். இப்போது தண்ணீர் குடிக்க எழுந்தால்கூட ஒரு கை வந்து உட்கார வைக்கிறது. பேரப்பிள்ளைகளை ஸ்கூலிலிருந்து கூட்டிவரும் வேலையும் போயிற்று.

நகரத்தின் நடுவில் இருக்கும் கலை மையத்தில் இறங்கினேன். உண்மையைச் சொன்னால் வெயிலுக்குத்தான் ஒதுங்கினேன். கீழே ஓவியக்கூடம், மாடியில் நாடக அரங்கு. இடையில் எங்கேயோ ஒருவர் வயலின் பழகிக்கொண்டிருந்தார். பாவம், இன்னும் கைவரவில்லை. முழுக்கச் சாம்பல் நிறம் பூசிய ஒரு பெரிய படத்துக்கு எதிரே பெஞ்சு போட்டிருந்தார்கள். படம் புரியவில்லை, பெஞ்சு பிடித்திருந்தது. யாரும் என்னிடம் மூச்சு வாங்குகிறதா என்று கேட்கவில்லை.

லிஃப்ட் பக்கத்தில் ஒரு அறிவிப்பு. நாடகத்துக்கு வயதான பெண் தேவையாம். வசனம் கிடையாது. பிணமாகப் படுக்க வேண்டும்.

மார்ச் 5

அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். எனக்கென்ன பைத்தியமா?

மார்ச் 7

பைத்தியம்தான். போய்க் கேட்டுவிட்டேன்.

இயக்குநருக்கு என் மாப்பிள்ளை வயதுதான் இருக்கும், தாடி மட்டும் கூடுதல். ஒத்திகை அறையில் ஒரு மேஜைமேல் படுக்கச் சொன்னார். மூச்சை நெஞ்சில் எடுக்கக் கூடாதாம், வயிற்றில் எடுக்க வேண்டுமாம். கழுத்துவரை போர்வை இருப்பதால் வயிறு அசைவது தெரியாதாம். ஆபரேஷன் விஷயத்தை மறைக்காமல் சொன்னேன். தயங்கினார். "படுக்கறதுக்கு என்ன தம்பி? வீட்லயும் அதைத்தான் செய்றேன். அங்க கைதட்ட ஆளில்ல, அவ்வளவுதான்" என்றேன். டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டு வரச் சொன்னார். டாக்டர் சிரித்துவிட்டு, தாராளமாகப் படுங்கள் என்றார்.

கதை இதுதான். அம்மா செத்துக் கிடக்கிறாள். மகனும் மகளும் அவளைச் சுற்றி நின்று வீட்டை விற்பதா வேண்டாமா என்று சண்டை போடுகிறார்கள். அம்மா நான்.

மார்ச் 8

வீட்டில் சொன்னேன். மாப்பிள்ளை பேப்பருக்குள் தலையை விட்டுக்கொண்டார். விவரமானவர்.

மகள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "அஞ்சு மாசம் முன்னாடி நெஜமாவே அப்படித்தாம்மா கெடந்த. ஐ.சி.யூ. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் நின்னேன். இப்ப அதையே வேஷம் கட்டி ஆடப்போறியா?" என்றாள்.

 ஆனாலும் போவேன் என்றேன். போகாமல் என்ன? அன்றைக்குக் கிடந்தது என் இஷ்டத்திலா? இப்போது என் இஷ்டத்தில் படுக்கப்போகிறேன். இரண்டும் ஒன்றா? ஆபரேஷனில் பிழைத்துவந்தது சோபாவில் கிடக்கவா? ஐந்து மாதமாக இவள் என்னைப் பாதிப் பிணமாகத்தானே வைத்திருக்கிறாள்? நெஞ்சு கொதிக்குது. கொதிக்கட்டும். வேலை செய்யுதுன்னு அர்த்தம்.

மார்ச் 10

மகள் பேசவில்லை. நானும் பேசவில்லை. மாத்திரை மட்டும் வேளாவேளைக்கு மேஜைக்கு வருகிறது.

மார்ச் 15

மானம் கப்பலேறியது.

நாடகத்தில் என் மகனாக வருகிறவன் நன்றாக அழுவான். ஆனால் அழ ஆரம்பித்தால் வசனம் மறந்துவிடும். இன்றும் "வீட்டை விக்கறதுக்கு முன்னாடி" என்று ஆரம்பித்து முழித்துக்கொண்டு நின்றான். தினமும் கேட்டுக் கேட்டு எனக்கு மொத்த நாடகமும் மனப்பாடம். என்னையறியாமல், கண்ணை மூடியபடியே, மைதானத்துக் குரலில், "அம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?" என்று எடுத்துக்கொடுத்துவிட்டேன்.

அறையே விழுந்து விழுந்து சிரித்தது. செத்தவளே வந்து கேட்டால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? இயக்குநர் மட்டும் சிரிக்கவில்லை. பிணத்துக்குக் காதும் கிடையாது, வாயும் கிடையாது என்று பாடம் எடுத்தார்.

மார்ச் 22

இன்று நேருக்கு நேர் மோதல்.

நாடகம் முடிந்ததும் எல்லோரும் வரிசையாக வந்து வணங்குகிறார்கள். நான் மட்டும் படுத்தே கிடக்க வேண்டுமாம். ஜனங்கள் என்னைப் பார்த்துக்கொண்டே வெளியேற வேண்டுமாம். பிணம் எழுந்து கும்பிட்டால் மரணமே பொய்யாகிவிடும் என்கிறார். பொய்தானே ஐயா! நான்தான் குத்துக்கல்லாட்டம் இருக்கிறேனே.

"கெடக்கறேன் தம்பி, நீங்க சொல்ற மட்டும் கெடக்கறேன். ஆனா கடைசியில எழுந்து நிப்பேன். நான் கெடந்ததை ஊரே பாத்தாச்சு. எழுந்ததை யாரும் சரியா பாக்கல" என்றேன்.

முடியாது என்றார். அதோடு பேச்சை நிறுத்திக்கொண்டேன். நிறுத்தியது பேச்சை மட்டும்தான்.

ஏப்ரல் 3

முதல் காட்சி. முக்கால்வாசி அரங்கு நிறைந்திருந்தது. மகளிடம் டிக்கெட் கொடுத்திருந்தேன். வாங்கி மேஜைமேல் வைத்தாள், அவ்வளவுதான். விளக்கு வெளிச்சத்தில் இமை சூடாகியது, மூக்கு அரித்தது. நாடகத்து மகனும் மகளும் என் தலைக்குமேல் வீட்டைக் கூறுபோட்டார்கள். கேட்கக் கேட்க எழுந்து ரெண்டு சாத்து சாத்தலாம் போல இருந்தது.

கைதட்டல் ஆரம்பித்தது. போர்வையைத் தள்ளினேன். மெதுவாக ஒருக்களித்து, கையை ஊன்றி, உட்கார்ந்து, காலைக் கீழே வைத்து எழுந்து நின்றேன். ஒரு நொடி கைதட்டல் நின்றே போனது. பிறகு வந்தது பாருங்கள், அப்பப்பா! வெட்கத்தைவிட்டு எழுதுகிறேன்: அழுதுவிட்டேன்.

உள்ளே வந்த இயக்குநரின் முகம் சிவந்திருந்தது. இன்னொரு முறை எழுந்தால் வேறு ஆளைப் போடுவாராம். போடுங்கள், அவளும் எழுந்திருப்பாள் என்றேன்.

ஏப்ரல் 4

இன்றைய காட்சியிலும் எழுந்தேன். வேறு ஆள் கிடைக்கவில்லை போலும்.

ஏப்ரல் 5

மாப்பிள்ளை இன்றுதான் வாயைத் திறந்தார். முதல் காட்சிக்கு மகள் வந்திருந்தாளாம். திரை விலகி என் முகத்தைப் பார்த்ததுமே எழுந்து வெளியே ஓடிவிட்டாளாம். காருக்குள் உட்கார்ந்து அழுதாளாம்.

அட கடவுளே. யாருக்காக எழுந்து நின்றேனோ அவள் நான் கிடந்ததை மட்டும் பார்த்துவிட்டுப் போயிருக்கிறாள். மறுபடியும்.

விடுவேனா?

ஏப்ரல் 9

மகளின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன். நாடகம் பார்க்க வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை கடைசிக் காட்சி, முடிகிற நேரத்துக்கு அரங்க வாசலுக்கு மட்டும் வந்தால் போதும் என்றேன். துணியை மடித்துக்கொண்டே இருந்தாள். கண்ணாடிக்கு வெளியே நின்றபோது நீ என்ன நினைத்தாய் என்று கேட்டேன். இத்தனை மாதத்தில் நான் கேட்டதே இல்லை. "நீ கண்ணைத் தொறந்தப்ப நான் அங்க இல்லம்மா. மருந்து வாங்கப் போயிருந்தேன்" என்றாள்.

கட்டிலில் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

ஏப்ரல் 12

கடைசிக் காட்சி. நாடகத்து மகன் வழக்கம்போல அழுது வசனத்தை மறந்தான். உதடு அசையாமல், அவனுக்கு மட்டும் கேட்கும்படி எடுத்துக்கொடுத்தேன். இயக்குநர் கண்டுகொண்டாரோ என்னவோ, ஒன்றும் சொல்லவில்லை.

கைதட்டல் கேட்டதும் ஜனங்களுக்குப் பின்னால் இருக்கும் வாசல் கதவைத் திறந்துவிடச் சொல்லி வாசல் காவலரிடம் முன்பே சொல்லி வைத்திருந்தேன். எழுந்து உட்கார்ந்தபோது கதவில் அவள் நின்றுகொண்டிருந்தாள், கைப்பையைக் கெட்டியாக மார்போடு அணைத்தபடி. காலை ஊன்றினேன். நின்றேன். வேண்டுமென்றே யார் கையையும் பிடிக்காமல் மேடையின் முன்விளிம்புவரை நடந்தேன். மற்றவர்கள் கும்பிட்டார்கள். நான் கும்பிடவில்லை, அவளையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் கைதட்டவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு, விளக்கு அணையும்வரை என்னையே பார்த்தாள்.

திரும்பி வரும்போது காரை அவள்தான் ஓட்டினாள். சிக்னலில் நின்றபோது கண்ணைத் துடைத்துக்கொண்டு, ரொம்பச் சாதாரணமாக, "நாளைக்கு ஆபீஸ்ல லேட்டாகும்மா. பசங்களை ஸ்கூல்லேருந்து நீ கூட்டிட்டு வரியா?" என்றாள்.

ஆபரேஷனுக்குப் பிறகு அவள் என்னிடம் கேட்கும் முதல் உதவி.  ஆனாலும் விட்டுக்கொடுப்பேனா? வேறு வேலை இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.