முந்தானைக் கை

அம்மா,

நேற்றைய மழையில், தோல் ஷாப் வாசலில் தோல் பதனிடக் குவித்திருந்த ஆவாரம்பட்டை நனைந்து ஆம்பூர்த் தெரு முழுக்க அந்தத் துவர்ப்பு வாசனை. மூக்கைப் பொத்திக்கொண்டு போகிறவர்கள் போகட்டும். எனக்கு, நீ வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்தது போலிருந்தது. அடுப்பை அப்படியே விட்டுவிட்டு உட்கார்ந்து அழுதேன்.

பட்டை இடித்து இடித்து உன் உள்ளங்கை இரண்டும் பழுப்பேறிக் கிடந்தன. புளி போட்டுத் தேய்ப்பாய், சாம்பல் போட்டுத் தேய்ப்பாய். போனால்தானே! என் மகள் பிறந்தபோது மருத்துவச்சி குழந்தையை நீட்ட, நீ கையைப் பின்னால் மறைத்துக்கொண்டாய்.

"ஐயோ, வெறுங்கையில வாணாம். பச்சக் கொழந்த, கறை ஒட்டிக்கும்."

"இன்னாம்மா இது, காஞ்ச கறை எங்கனா ஒட்டுமா?" என்று மருத்துவச்சி சிரித்தாள்.

"உனுக்கு இன்னா தெரியும்? ஒட்டிக்கிச்சின்னா இதுவும் பட்டை இடிக்கத்தான் போவும்."

நீ முந்தானையை விரித்துப் பேத்தியை வாங்கிக்கொண்டாய்.

எவ்வளவு பிடிவாதம் உனக்கு! அவள் தவழ்ந்தாள், நடந்தாள், பள்ளிக்கூடமும் போனாள். அவள் முகத்தை மட்டும் வெறுங்கையால் தொடமாட்டாய். கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழிப்பதானாலும் முந்தானையைக் கையில் சுற்றிக்கொள்வாய். வேலையை விட்டு வீட்டோடு இருந்த காலத்திலும் அதே கதைதான். நான் சண்டைக்கு வந்தால், "கம்முனு இருடி" என்பாய்.

காய்ச்சலில் படுத்து நீ எழுந்திருக்க முடியாமல் போன பிறகுதான் அவள் உன்னை ஜெயித்தாள். பாயருகே உட்கார்ந்து உன் கையை இழுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். விடுவித்துக்கொள்ளப் பார்த்தாய், உடம்பில் வலுவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கன்னத்தைக் காட்டினாள்.

"பாரு ஆயா, ஒண்ணும் ஒட்டல."

நீ அந்தக் கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். "அட, ஆமாண்டி" என்றாய். பிறகு நீயாகவே தொட்டாய். நெற்றி, மூக்கு, காது என்று ஆசை தீரத் தடவினாய். மறுநாள் காலையில் போய்விட்டாய்.

அவள் அதை ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லித் திரிகிறாள். நேற்று நான் அழுததைப் பார்த்துப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஆயா கை சொரசொரன்னு, சூடா இருந்துச்சி. உனுக்கும் அப்பிடித்தானம்மா இருந்துச்சி?"

"ஆமாம்" என்று சொல்லிவிட்டேன். பிறகு யோசித்து யோசித்துப் பார்த்தேன். என் முகத்துக்கு ஞாபகம் இருப்பதெல்லாம் துணிதான், அம்மா.